மூன்று சாமிக்கு நேர்ந்த கிடா

நாகலூர் சாலையில் வருகிறவர்களுக்கு முதலில் பலகைதான் தெரியும். தகரப் பலகை, பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 'சேர்வராயன் மலை உயரினச் செம்மறி அபிவிருத்தி மற்றும் இனப்பெருக்கப் பண்ணை. நிறுவனர்: எம். சூசைமாணிக்கம், தலைமை ரைட்டர் (ஓய்வு).' கொஞ்சம் குனிந்து பார்த்தால் பலகைக்குப் பின்னால் கொட்டகையும் தெரியும். கொட்டகையைவிடப் பலகை இரண்டு முழம் நீளம். மழைக்காலத்தில் ஆடுகள் பலகைக்கு அடியில்தான் ஒதுங்கின. கொட்டகை ஒழுகும், பலகை ஒழுகாது.

சூசைமாணிக்கம் கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். காலையில் விசில் ஊதி ஆட்களை வரிசையில் நிறுத்துவார், பேர் போடுவார், லேட்டாக வந்தவனுக்கு அரைப்பேர் போடுவார், அதாவது பாதிக் கூலி. துரைமார்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, விசில் மாறவில்லை. ஓய்வு பெற்ற அன்று எஸ்டேட்டில் மாலை போட்டார்கள். மறுநாள் குவார்ட்டர்ஸ் சாவியைக் கேட்டார்கள்.

சேலத்தில் மகள் தேவகுமாரி இருந்தாள். மாப்பிள்ளை நல்லவர். மாடிப்படிக்கு அடியில் சிமெண்ட் மூட்டை கிடந்த இடத்தைக் காலி செய்து, அங்கே ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார். "அவசரம் ஒண்ணுமில்லிங்க மாமா. கட்டில் பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சூசைமாணிக்கம் ஒருதரம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தபோது படியின் அடிப்பக்கம் தலையில் இடித்தது. மாடியில் குடியிருந்தவர்கள் ஏறி இறங்கும் சத்தம் தலைக்குள்ளேயே கேட்டது.

அந்தக் கட்டிலுக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் அவர் ஆடு வளர்க்க ஆரம்பித்தார். வேறு காரணங்கள் பலகையில் இருந்தன.

கையிலிருந்ததையெல்லாம் போட்டு நாகலூர் சாலை ஓரத்தில் சவுக்கு மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நிலமும் ஒரு ஓட்டு வீடும் வாங்கினார். ஆடுகள் மேச்சேரியிலிருந்து லாரியில் வந்தன. மேச்சேரிச் செம்மறிக்கு உடம்பில் கம்பளி கிடையாது. செம்மண் நிறத்தில் குட்டை முடி, கொம்பில்லாத தலை. வெயிலுக்கும் வறண்ட காட்டுக்கும் ஏற்ற இனம். ஏற்காட்டுப் பனியைப் பார்த்ததும் லாரியை விட்டு இறங்க மறுத்தன. சூசைமாணிக்கம் விசில் ஊதினார். மேய்க்க வந்த மாரியப்பன் பின்னாலிருந்து தள்ளினார். இறங்கின.

திறப்பு விழாவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுவேல் வந்திருந்தார். மைக்கைப் பார்த்தால் பிடித்துக்கொள்கிற மனிதர்.

"இனி நம்ம மலைல குளிர்ல நடுங்கறவன்னு ஒருத்தன் இருக்கப்படாதுங்க. இந்த ஆடுக குடுக்கற கம்பளி ஊடு ஊடுக்கு வரும்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். சூசைமாணிக்கம் இன்னும் பலமாகத் தட்டினார். மாரியப்பன் ஒரு ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பக்கீர் முகமதுவிடம் மெல்லக் கேட்டார்: "எங்கிருந்துங்க பாய் வரும்?"

"கவர்மெண்டுகிட்ட இருந்து" என்றார் பாய்.

இவர்கள் இருவரும் பண்ணையின் பங்காளிகள். பக்கீர் முகமது நாகலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தவிடும் புண்ணாக்கும் அவர் பொறுப்பு. மாரியப்பன் மேய்ச்சல் பொறுப்பு. அந்தப் பக்கத்தில் ஆடு வாரத்துக்கு விடுகிற வழக்கப்படி, பிறக்கிற குட்டிகளை மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆடு சூசைமாணிக்கத்துடையது, குட்டிதான் பொது. அதனால் பெட்டைகளைவிட எல்லாருக்கும் கிடாவின் மேல்தான் கண். ஒரே ஒரு கிடா. அகன்ற நெஞ்சு, தூண் மாதிரி கழுத்து, நடந்தால் யாருக்கும் வழி விடாத நடை. சூசைமாணிக்கம் அதற்குப் 'பெரிய துரை' என்று பெயர் வைத்தார். எஸ்டேட்டில் பெரிய துரை என்றால் வெள்ளைக்கார மானேஜர். தன்னை முப்பது வருஷம் நிற்க வைத்துப் பேசிய ஒரு பதவிக்குத் தன் கையால் புல் போடுவதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

பண்ணை எஸ்டேட் முறையில் நடந்தது. காலையில் விசில். பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு ஆடுகள் வரிசையில் நிற்க வேண்டும். முதுகில் பெயிண்டால் நம்பர்.

"ஏழாம் நம்பர் எங்க?"

"புளுக்கை போடுதுங்க ரைட்டரே."

"மஸ்டர் நேரத்துலயா? அரைப்பேரு."

ஏழாம் நம்பருக்கு அன்று புண்ணாக்கு பாதி. எட்டாம் நம்பர் ஏழாம் நம்பருக்குப் பின்னால் ஒளிந்ததற்காக அதற்கும் பாதி. சாலையில் போகிற எஸ்டேட் ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "பாவம், இதுகளுக்கு யூனியன் இல்ல" என்று ஒருத்தி சொன்னாள்.

ஆடி மழை பிடித்தது. ஈரத்தில் நின்று நின்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், "மயில்துத்தத்தக் கரைச்சு, அந்தத் தண்ணில ஆட்ட நடத்துங்க. காலுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்பினார். சூசைமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. துத்தம் அவருடைய பழைய சிநேகிதன். காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமலிருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து மலை மலையாக அடிக்க வைத்தவர் அவர். அந்த நீலக் கறை இன்னும் அவருடைய பழைய சட்டைகளில் இருந்தது.

குளம்புகள் ஆறின. கம்பவுண்டர் சொன்னது அத்தோடு முடிந்தது. சூசைமாணிக்கம் முடிக்கவில்லை. வெளியே இவ்வளவு குணம் செய்கிற மருந்து உள்ளே எவ்வளவு செய்யும் என்று யோசித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், மாரியப்பன் வருவதற்கு முன்பே, குடிக்கிற தொட்டியில் ஒரு கை துத்தம் கலந்தார். தண்ணீர் லேசாக நீலம் காட்டும். மேகம் விலகிய அன்று வானத்தின் நிழல் என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த முறையை யாருக்கும் சொல்லவில்லை. பண்ணை பேர் பெற்றபின், பத்திரிகைக்காரர்கள் கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தார். மனைவி ஞானசுந்தரி மட்டும் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தாள்.

முதலில் வயிற்றுப் புழு வெளியேறியது. ஆடுகள் துடிப்பாக இருந்தன. பெரிய துரையின் முடி பளபளத்தது. அதன் பிறகு நாலாம் நம்பர் ஒருநாள் புல் தின்னாமல் நின்றது. கண் மஞ்சளாகிவிட்டது. மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனது. சாயங்காலம் விழுந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு ஜோடியாக விழ ஆரம்பித்தன.

சூசைமாணிக்கம் பனியைக் குறை சொன்னார், மேச்சேரி வியாபாரியைக் குறை சொன்னார், மேய்க்கும்போது மாரியப்பன் அடிக்கிற விசில் சரியில்லை என்றார். துத்தத்தை ஒரு கையிலிருந்து ஒன்றரைக் கையாக்கினார்.

மனிதர்கள் கைவிட்ட இடத்தில் மேலிடத்துக்குப் போவதுதான் வழக்கம். மூன்று பேர் தனித்தனியாகப் போனார்கள்.

ஞானசுந்தரி அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, மந்தை தப்பித்தால் கிடாவை அறுத்து ஏழைகளுக்குச் சோறு போடுவதாகச் சொன்னாள். நோஞ்சான் ஆட்டைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புனிதர் குழந்தை இல்லையே, இளைத்ததா கொழுத்ததா என்று பார்க்கத் தெரியாமல் இருக்க. ஒரு செம்பு மெடலைக் கயிற்றில் கோத்துப் பெரிய துரையின் கழுத்தில் கட்டினாள்.

பக்கீர் முகமது, மலைப்பாதையோரத்துச் சின்ன தர்காவில் கந்தூரி விருந்துக்கு அதே கிடாவை நேர்ந்துகொண்டார். பச்சைக் கயிறு கட்டினார்.

மாரியப்பன் காட்டு முனியப்பனுக்கு. மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினார். "நல்லதக் குடுத்தாத்தானுங்க அது நம்மள நல்லபடியா பாக்கும்" என்பது அவர் கணக்கு.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று மூவருமே நம்பியதால் ஒருவரும் சொல்லவில்லை. கழுத்தில் மற்ற இரண்டையும் பார்த்தபோது, திருஷ்டிக்குக் கட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மூன்று சாமிக்கும் முன்பதிவு ஆனது தெரியாமல் பெரிய துரை மெடல் குலுங்க நடந்தது. அந்த வழியாக வந்துபோன ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து விறைப்பாக நின்றார் என்று நாகலூரில் ஒரு பேச்சு உண்டு.

அதிசயம் நடந்தது. சாவு நின்றது.

அந்த மாதம் பக்கீர் முகமதுவின் கடையில் துத்தம் தீர்ந்துபோயிருந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து சேலத்துச் சரக்கு ஏறவில்லை. ஆடுகள் வெறும் தண்ணீர் குடித்தன. இதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேர் மூன்று திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

மண் அள்ளி முடித்து லாரி வந்தது. துத்தமும் வந்தது.

புரட்டாசியில் விஷயம் வெளியே வந்தது. பக்கீர் முகமதுவின் கடை வாசலில் மாரியப்பன் பீடி வாங்கிக்கொண்டே, "பாய், அடுத்த வாரம் கிடாவ ஓட்டிட்டுப் போறனுங்க. முனியப்பனுக்கு" என்றார்.

"எந்தக் கிடாவ?"

"இருக்கறது ஒண்ணுதானுங்க."

"அது கந்தூரிக்குச் சொன்னதுப்பா."

"யாரு சொன்னது?"

"நாஞ் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"உங்கிட்டயா சொல்வாங்க?"

உப்பு வாங்க வந்திருந்த ஞானசுந்தரி பையை நழுவ விட்டாள். "அண்ணா, அது அந்தோணியாருக்குங்க" என்றாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுக்குவாரில்லாமல் உப்பு கிடந்தது.

"நாந்தான் மொதல்ல கட்டுனது. மஞ்சத் துணி எம்பட அடையாளம்" என்றார் மாரியப்பன்.

"மொதல்ல கட்டுனவனுக்குத்தான்னா இது பஸ்ஸுல சீட்டாப்பா? துண்டு போட்டு இடம் புடிக்க?" என்றார் பாய்.

செய்தி கேட்டு சூசைமாணிக்கம் ஓடிவந்தார். கிடா எந்த ஆண்டவருக்குப் போகிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை. பெட்டைகள் அப்போதுதான் பருவத்துக்கு வர ஆரம்பித்திருந்தன. மீந்திருந்தவையே ஒரு கைப்பிடிப் பெட்டைகள்தான். கிடா போனால் குட்டி இல்லை. குட்டி இல்லையென்றால் பண்ணை இல்லை. பண்ணை இல்லையென்றால் மாடிப்படி.

"கொஞ்சம் பொறுங்க. பெட்டைக சினை புடிக்கட்டும். அப்பறம் யாருக்கு வேணும்னாலும் அறுங்க" என்று கெஞ்சினார். கெஞ்சும்போதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"சாமிகிட்ட வாய்தா கேக்க முடியுங்களா ரைட்டரே?" என்றார் மாரியப்பன்.

ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஏழாம் நம்பர் செத்தது. சாவு திரும்பிவிட்டது. வேண்டுதலைத் தள்ளிப் போட்டதுதான் காரணம் என்று மூவரும் சொன்னார்கள். எந்த வேண்டுதல் என்பதில்தான் வேறுபட்டார்கள்.

ஏற்காட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் மல்லிகாவை பக்கீர் முகமது கூட்டிவந்தார். சின்ன வயது. செத்த ஆட்டைப் பலகையின் நிழலில் போட்டு அறுத்தாள். ஈரல் மஞ்சள். சிறுநீரகம் துப்பாக்கி இரும்பு மாதிரி கறுத்திருந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இதுகளுக்குத் துத்தம் ஏதாச்சும் உள்ள போச்சுங்களா?"

மாரியப்பன் பாயைப் பார்த்தார். பாய் சூசைமாணிக்கத்தைப் பார்த்தார்.

"காலுக்குப் போட்டோம். கம்பவுண்டர் சொல்லி" என்றார் சூசைமாணிக்கம்.

"காலுக்குப் பரவாயில்லிங்க. வாய் வழியா? தண்ணில, தீவனத்துல? செம்மறிக்குத் துத்தம் ஆகவே ஆகாதுங்க. ஈரல்ல கொஞ்சம் கொஞ்சமா சேந்துட்டே இருக்கும். வெளிய நல்லா தெரியும். ஒருநாள் தூரமா நடந்தா, லாரில ஏத்துனா, மிரண்டா, அப்படியே ரத்தத்துல கலந்து விழுந்துரும்." அவள் கிடாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படி இருந்தா சொல்லீருங்க. காலேஜ்லருந்து மருந்து வரவழைக்கறேன். மீதிய அசைக்காம வெச்சிருந்து குடுத்தா, இதையாவது காப்பாத்தலாம்."

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் சூசைமாணிக்கம் எந்தக் கூட்டத்திலும் உபயோகிக்காத வார்த்தை அது, துரைமார்களிடம் தவிர.

"நம்ம பண்ணைல விஞ்ஞான முறைங்க டாக்டரம்மா. தண்ணி சுத்தமான ஊத்துத் தண்ணி" என்றார்.

"அப்ப வேற என்னமோங்க" என்று சொல்லி, பொதுவாக ஒரு ஈரல் டானிக் கொடுத்துவிட்டு அவள் போனாள்.

அன்று சாப்பாட்டின்போது ஞானசுந்தரி அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரு கேட்டப்ப ஏனுங்க சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?"

"தொட்டில போட்டத."

"அது மருந்து."

"அதத்தான் அந்தப் புள்ள கேட்டுது."

அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொன்னா என்னங்க? பாய் கடைல ஒக்காந்து நாலு நாளைக்குச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தப் படிக்கடியில போயி படுக்கறதுக்கு இது தேவலைங்களே."

"நேத்துப் படிச்சு முடிச்ச பொண்ணு. அதுக்கென்ன தெரியும்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் கொல்லைக்குப் போனார். தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, கழுவி, ஊற்றுத் தண்ணீரை நிரப்பினார். துத்தம் இருந்த டப்பாவை மட்டும் எறியவில்லை; டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். எறிந்தால் ஒப்புக்கொண்டது போலாகும்.

ஞானசுந்தரி வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவரைக் கடைத்தெருவில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்தோணியாரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இதற்குள் மூன்று வேண்டுதல் விஷயம் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுவேலின் காதுக்கு எட்டியது. தேர்தல் வருகிற வருஷம். அவர் ஜீப்பில் வந்து இறங்கி, கிடாவை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"ரைட்டரே, இது ஆடு இல்லிங்க. மத நல்லிணக்கம்" என்றார்.

சூசைமாணிக்கத்துக்கு வழி பிறந்தது. அன்றைக்கே பங்காளிகளைக் கூட்டி யோசனை சொன்னார். பெரிய துரையை இப்போது யாரும் அறுக்க வேண்டாம். மூன்று இடத்துக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாம். முனியப்பனிடம் திருநீறு, அந்தோணியார் கோயிலில் தீர்த்தம், தர்காவில் ஒரு போர்வை. பிறகு பெட்டைகள் குட்டி போட்டு, கிடாக்குட்டிகள் வளர்ந்ததும் ஆளுக்கு ஒன்றை அறுத்துக்கொள்வது. அப்பன் வாங்கிய கடனை மகன்கள் அடைப்பார்கள்.

பக்கீர் முகமது யோசித்துப் பார்த்தார். "கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றார். மாரியப்பனும் தலையசைத்தார். அன்று சாயங்காலம் சூசைமாணிக்கம் கொட்டகைக்குப் போய், பெரிய துரையின் முதுகைத் தேய்த்துவிட்டார். அது இரண்டாம் நம்பரின் பின்னால் மோந்துகொண்டு நின்றது. அவருக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சமரசம் அவர் சொல்லி நடக்கப்போகிறது.

"எப்பிடிக் கொண்டு போவோம்? ஜீப்புல வெச்சு மெதுவா..." என்று தலைவரிடம் இழுத்தார்.

"ஊர்வலம்னா நடக்கோணுங்க ரைட்டரே. ஜீப்புல நாந்தான் நிப்பேன், மைக் இருக்குதுல்ல? கிடா முன்னால. நீங்க கிடாவப் புடிச்சுட்டு. தலைமை நீங்கதான். நோட்டீஸ்ல மொதப் பேரு உங்க பேரு."

"நொம்ப தூரமுங்களே. மேடு வேற."

"ஆடுதானுங்க. எட்டாம் மாச கர்ப்பிணியா?"

உண்மையைச் சொல்ல அங்கே ஒரு நிமிஷம் இருந்தது. சூசைமாணிக்கம் வாயைத் திறந்தார். நோட்டீஸில் முதல் பெயர் தன் பெயர் என்பது அந்த நிமிஷத்தின் குறுக்கே வந்து நின்றது.

"இனிஷியல் எம். மறந்துறப் போறாங்க" என்றார்.

ஊர்வலத்தன்று காலையில் பனி இறங்கியிருந்தது. எஸ்டேட் பேண்டு செட் வந்திருந்தது. பெரிய துரைக்கு மூன்று மாலை: சாமந்தி, மல்லிகை, ஜரிகை. கழுத்தில் மெடல், பச்சைக் கயிறு, மஞ்சள் துணி. முதுகில் நம்பருக்குப் பதிலாக 'அனைவரும் ஒன்றே' என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள். முடி குட்டையாக இருந்ததால் எழுத்து நன்றாக விழுந்தது. சூசைமாணிக்கம் ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டிருந்தார். கயிறு அவர் கையில். கழுத்தில் விசில்.

ஞானசுந்தரி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "நடக்க வெக்காதீங்கன்னு அந்தப் புள்ள சொன்னாளே."

"துத்தம் உள்ள போயிருந்தாத்தான்னு சொன்னா."

"போயிருக்குதுங்களே."

"நிறுத்திட்டோமே" என்றார் அவர். பேண்டு அடிக்க ஆரம்பித்தது.

டிரம் சத்தத்தில் கிடா துள்ளிப் பின்வாங்கியது. மாரியப்பன் பின்னாலிருந்து தட்டினார். நடந்தது. ஜீப்பில் நின்றபடி பொன்னுவேல், "சாதி இல்லை, மதம் இல்லை, இதோ வருகிறது பாருங்கள் கம்பளி தரும் கருணை உள்ளம்" என்று பேசிக்கொண்டே வந்தார். ரோட்டோரத்தில் காப்பி பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். முதல் மேட்டில் கிடா நன்றாகத்தான் ஏறியது. சூசைமாணிக்கத்தின் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டாவது மேட்டில் அதன் மூச்சு அவர் கைக்குக் கேட்டது. முனியப்பன் கோயிலுக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது நின்றது.

அவர் இழுத்தார். வரவில்லை. விசில் ஊதினார். கிடா அவரைப் பார்த்தது. கண்ணின் வெள்ளை, சாமந்தி மாலையின் நிறத்தில் இருந்தது. பின்னங்கால்களை அகட்டி, தார் ரோட்டில் மூத்திரம் விட்டது. டிகாக்ஷன் நிறம். பிறகு முன்னங்கால்கள் மடிந்தன.

பக்கீர் முகமதுதான் முதலில் ஓடிவந்தார். "உசுரு போறதுக்குள்ள அறுக்கோணும். கத்தி குடுங்கப்பா. செத்துட்டா ஒண்ணுக்கும் ஆகாது."

"நீங்க அறுத்தா அது கந்தூரிக் கணக்காயிருமுங்க பாய். முனியப்பன் கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருக்காரு. தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார் மாரியப்பன்.

"தூக்கறதுக்குள்ள போயிருமப்பா."

"அப்ப நான் அறுக்கறனுங்க."

"நீ அறுத்தா நான் எப்படித் திங்கறது?"

ஞானசுந்தரி ரோட்டில் உட்கார்ந்து கிடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "மூணு பேரும் விடுங்க அதை" என்றாள். மூன்றாவது ஆளின் கையில் இன்னும் கயிறு இருந்தது. பனிக்குள் கத்திக்காகப் போனவன் திரும்புவதற்குள் கிடாவின் கண் நிலைகுத்திவிட்டது.

முன்னால் நடந்தது ஜீப்பில் இருந்தவருக்குத் தெரியாது. "மூன்று ஆண்டவர்களும் இன்று ஒரே குரலில் வாழ்த்துகிறார்கள்" என்று மைக் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ போய்ச் சொன்னதும் ஒரு நிமிஷம் கரகரத்துவிட்டு, "ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்றது. பேண்டுக்காரர்களுக்கு அது எட்டவில்லை. அவர்கள் திருப்பம் வரைக்கும் வாசித்துக்கொண்டே போனார்கள்.

யாருக்கும் இல்லாத கிடாவைச் சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் போட்டார்கள். முனியப்பன் தடுத்தார் என்று பாய் தரப்பிலும், தர்காக்காரர் கூப்பிட்டார் என்று மாரியப்பன் தரப்பிலும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். இருவரும் பிறகு பேசிக்கொள்வதையே நிறுத்தினார்கள். மாரியப்பன் பீடி வாங்க ஏற்காட்டுக்கே போக ஆரம்பித்தார். டாக்டர் மல்லிகா அந்த வழியாக வந்தபோது குழியைப் பார்த்துவிட்டு, தொட்டியையும் பார்த்தாள். தொட்டியின் அடியில் கழுவியும் போகாத ஒரு நீல வளையம் இருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனாள். மீதிப் பெட்டைகளில் ஒன்றுகூடச் சினை பிடித்திருக்கவில்லை. ஐப்பசி மழையில் அவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இடத்தில் படுத்தன. மஸ்டரில் கடைசியாக இரண்டாம் நம்பர் மட்டும் நின்றது. அவர் அதற்கும் விசில் ஊதினார். மறுநாள் அதுவும் நிற்கவில்லை.

நிலம் கைமாறியது. வாங்கியவர் பலகையைக் கழற்றித் தன் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார். 'இனப்பெருக்க' என்ற பகுதி மட்டும் வெளியே தெரியும்.

சேலத்துக்கு இறங்குகிற பஸ்ஸில் ஞானசுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரங்குப் பெட்டி காலடியில். கண்டக்டர் தெரிந்தவன்.

"ரைட்டரே, எங்கயுங்க ஜோடியா? பண்ணை எப்பிடிங்க போவுது?"

"சேலத்துக்கு மாத்தறோம். இங்க எடம் பத்தல" என்றார் சூசைமாணிக்கம்.

"நல்லதுங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தான்.

ஞானசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயச் சாய, பெட்டிக்குள் ஒரு தகர டப்பா உருண்டு இடிக்கிற சத்தம் கேட்டது. அது என்ன டப்பா என்று அவளுக்குத் தெரியும்.

நாலைந்து வளைவு தாண்டியதும் அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"தேவகுமாரி மாடில ரோஜாத் தொட்டி வெச்சிருக்காள்ல? போன தடவ பாத்தேன். எலையில புள்ளி விழுந்து கெடக்குது. அதுக்குச் சரியா பாக்க ஆளில்ல."

கீழே வெயில் ஆரம்பித்திருந்தது. அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.